வந்த மரியாதை

அவளோடு சீட்டாட உட்கார்ந்தால் சண்டையில்தான் முடியும். ஜெயிப்பதற்காகச் சண்டை போட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவள் தோற்பதற்காகச் சண்டை போடுவாள். "போனா போவுது, ரெண்டு சீட்டு எடுத்துக்கோ" என்று நானே விட்டுக்கொடுத்தாலும், "வேணாங்க்கா, எனுக்கு வராது அது" என்று கையை மடியில் வைத்துக்கொள்வாள். அந்த வீட்டில் யாரும் எதுவும் தராத ஒருத்திக்கு நான் ஒருத்தி தருகிறேன் என்கிறேன், வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே? மாட்டாள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த வீட்டில் அவள் இருந்த காலம் முழுக்க வீட்டார் யாரும் அதைச் சொன்னதில்லை. வசந்தா என்றுதான் கூப்பிட்டார்கள். வசந்தா அவளுடைய அக்கா. பிரசவத்தில் செத்துப்போன அக்கா.

திருவண்ணாமலை தனி மாவட்டமான புதிதில் நான் வேலூரிலிருந்து மாற்றலாகி வந்தேன். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். என் வீட்டுக்காரர் வேலூரிலேயே தங்கிவிட்டார், வேறு குடும்பத்தோடு. செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எனக்கு வீடு கிடைத்தது. முன்பக்கம் வீட்டுச் சொந்தக்காரர்கள், பின்பக்கம் நான், மாடியில் ஓர் அறை. அந்த அறை குளிர்காலத்தில் வரும் வெள்ளைக்காரர்களுக்கு. முன்பக்கத்தில் நான்கு பேர்: எலக்ட்ரிகல் கடை வைத்திருந்த மனிதர், அவருடைய அம்மா, ஒரு பெண் குழந்தை, அப்புறம் இவள்.

நான் குடிபோன அன்று அந்தக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. "வசந்தா, பின்னாடி வூட்டம்மாவுக்குத் தண்ணி குடு" என்று மாமியார்க்காரி குரல் கொடுத்தாள். இவள் சொம்போடு வந்தாள். கூடத்தில் மாலை போட்ட ஒரு படம். சாயல் தெரிந்தது. யாரது என்று கேட்டேன். "வசந்தா" என்றாள். அப்ப நீ? "நானும்தாங்க்கா" என்று சொல்லிவிட்டுச் சொம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பிற்பாடு கிழவியே காரணம் சொன்னாள். குழந்தைக்கு ஏக்கம் வரக் கூடாதாம். வீட்டில் வசந்தா என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். கிழவியைக் கொடுமைக்காரி என்று எழுதினால் எனக்கு வேலை சுலபமாகிவிடும். ஆனால் அவள் அந்தப் பெரிய மருமகளை உயிராக நினைத்திருந்தாள். அந்த ஏக்கம் குழந்தைக்கா அவளுக்கா என்று நான் கேட்கவில்லை.

வருஷா வருஷம் திதி வரும். அக்காவுக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல், வடை, பாயசம் எல்லாம் தங்கச்சி செய்வாள். படத்துக்கு முன்னால் இலை போட்டு, கற்பூரம் காட்டி, கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்துவாள்: "வசந்தா! காக்காவுக்கு வை!" வசந்தாவுக்குப் போட்ட படையலை வசந்தா எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் கா கா என்று கூப்பிடுவாள். முதல் வருஷம் எனக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டேன். அடுத்த வருஷம் வரவில்லை.

சீட்டுக் கதைக்கு வருகிறேன். குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு மார்கழியில், மாடி அறைக்கு ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்தான். தியானம் பண்ண வந்தவன். ஆனால் கையில் ஒரு டப்பா நிறையச் சீட்டு. ராஜா ராணி சீட்டு இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு படம், அடியில் நாலு வரி ஆங்கிலம். மொட்டை மாடியில் உட்கார்ந்து இரண்டு கைக்கும் அவனே ஆடுவான். இவள் துணி காயப்போடப் போவாள், நான் சும்மா போவேன். என்ன ஆட்டம் என்று கேட்டோம், கற்றுக்கொடுத்தான். ஊருக்குக் கிளம்பும்போது, இந்த டப்பா தன் மனசைப் பிடித்து வைத்திருக்கிறது என்று சொல்லி, விதிப்புத்தகத்தோடு என்னிடம் கொடுத்துவிட்டான். அவன் ஆசையைத் துறந்து எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனான்.

அதிலிருந்து ஞாயிறு மதியம், கிழவி தூங்கும் நேரம், தண்ணீர்த் தொட்டி நிழலில் பாய் விரித்து ஆடுவோம். நான் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டு வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். குழந்தை அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும். அந்தப் பெண் இவளை அம்மா என்று கூப்பிட்டது. கூடத்துப் படத்துக்கு அது வைத்த பெயர் போட்டோம்மா. "ஆடும்போது மட்டும் என் பேரச் சொல்லிக் கூப்புடுங்க்கா" என்று முதல் நாளே கேட்டாள். அப்படித்தான் கூப்பிட்டேன்.

ஆட்டம் பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஆளுக்கு ஒரு கட்டு. முறை வரும்போது கையிலிருக்கும் சீட்டைப் பாயில் இறக்க வேண்டும். சில சீட்டுகளில், இது ஆட்டத்துக்குள் வரும்போது என்று ஆரம்பித்து ஒரு பலன் எழுதியிருக்கும். குண்டன் ஒருவன் மூட்டையோடு ஒரு வாசலில் நிற்கிற சீட்டு ஒன்று இருந்தது. அவன் வந்து இறங்கியதும், இறக்கியவர் கட்டிலிருந்து இரண்டு சீட்டு எடுத்துக்கொள்ளலாம். அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். அந்தப் பலனுக்கு அவள் வைத்த பெயர் வந்த மரியாதை. வரும்போது ஒருமுறைதான் அது. அப்புறம் மாப்பிள்ளை பாயில் சும்மா கிடப்பான்.

நகல் எடுக்கும் சீட்டுகள் இரண்டு விதம். ஒன்று பச்சோந்தி. அதை இறக்கும்போதே பாயில் கிடக்கும் ஒரு சீட்டைக் காட்டி, இதுவும் அதுதான் என்று சொல்லிவிடலாம். மாப்பிள்ளையைக் காட்டினால் பச்சோந்தியும் மாப்பிள்ளையாகவே வந்து இறங்கும். அதற்கும் வந்த மரியாதை உண்டு. இன்னொன்று முகமூடி. அது ஏற்கெனவே பாயில் கிடக்கும் நம் சீட்டு ஒன்றை வேறொன்றாக மாற்றும். ஒருநாள் நான் முகமூடியை எடுத்து, என் பக்கம் கிடந்த ஆடு மேய்க்கிறவள் படச் சீட்டை மாப்பிள்ளையாக மாற்றிவிட்டு, இரண்டு சீட்டு எடுக்கக் கையை நீட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குக்கா எடுக்கறீங்க?"

"மாப்பிள்ளை ஆயிட்டா இல்ல? வந்த மரியாதை."

"ஆயிட்டா. வரலையே. அங்கயேதான கெடந்தா? ஆவறது வேற, வர்றது வேற."

எனக்கு ரோஷம் வந்து விதிப்புத்தகத்தைத் தேடினேன். பொடி எழுத்தில் அவள் சொன்னதுதான் இருந்தது. அடுத்த ஞாயிறு அவள் தோற்கும் நிலைமையில் அதே முகமூடி அவள் கைக்கு வந்தது. மாற்றிவிட்டுச் சும்மா இருந்தாள். பாவமாக இருந்தது. எடுத்துக்கோடி, யார் பார்க்கப்போறாங்க என்றேன். "உங்களுக்கு ஒண்ணு எனுக்கு ஒண்ணாக்கா?" என்று கேட்டுவிட்டுத் தோற்றாள்.

எல்லாவற்றிலும் இப்படித்தான். கார்த்திகை தீபக் கூட்டத்தில் ஒருமுறை கோயில் வரிசையில் நின்றோம். எதிர்வீட்டு அம்மாள் முன்னாலிருந்து இவளைப் பார்த்துவிட்டு, "வா, வா, எங்களோட வந்தவதான" என்று கயிற்றுக்குள் இழுத்தாள். "இல்லீங்க, நான் இப்பதான் வந்தேன்" என்று கையை உருவிக்கொண்டு வாலுக்குப் போனாள். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நானும் பின்னால் போனேன்.

முகமூடிச் சண்டை முடிந்து சில வாரம் கழித்து, சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னாள். "நானும் வரலக்கா, இந்த வூட்டுக்கு." அடி அண்ணாமலையில் இருந்த பிறந்த வீட்டிலிருந்து, பச்சைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு துணிப்பையோடு அவளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். சாவுத் தீட்டு வீடு, பின்பக்கமா வா என்றிருக்கிறார்கள். பின்பக்கமாக வந்தாள். சில மாதம் கழித்து, துக்க வீட்டில் ஆடம்பரம் எதற்கு என்று கூடத்திலேயே சாமி அலமாரிக்கு முன்னால் தாலி கட்டியாயிற்று. கட்டி முடிப்பதற்குள் குழந்தை அழுதது. மாலையோடு எழுந்துபோய்ப் பால் காய்ச்சினாள். வாசலும் இல்லை, வலது காலும் இல்லை, ஆரத்தியும் இல்லை. எப்படி இருக்கும்? அவள்தான் வெளியிலிருந்து வரவே இல்லையே.

"அக்கா வந்தப்ப தெருவே நின்னுச்சு. ஆரத்தித் தட்ட நானே எட்டி எட்டிப் பாத்தேன், சின்னப் பொண்ணு அப்ப" என்றாள். "எனுக்கு ஆரத்தி மேல ஆசைன்னு நெனைக்காதீங்க. யாரோ ஒருத்தர் வாசல்ல நின்னு, நீ வந்துட்டியான்னு கேட்டிருந்தா போதும்."

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சீட்டில் இன்னொரு விதி உண்டு. ஒரு சீட்டுக்குப் பலம் கூடினால் அதன்மேல் புளியங்கொட்டை வைப்போம். அதைப் பார்த்து நகல் எடுத்தால், அச்சடித்திருப்பது மட்டும்தான் நகலுக்கு வரும், கொட்டை வராது. இதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வசந்தாவின் வேலை அத்தனையும் அவளுக்கு வந்தது. வசந்தாவின் நகை பெண்ணுக்கென்று பீரோவில் இருந்தது. வசந்தாவின் ரசம் மாதிரி வரவில்லை என்று கிழவி சாப்பாட்டுக்குச் சாப்பாடு சொன்னாள். அந்த மனிதர் ஒரு வார்த்தை கடிந்து பேசியவர் இல்லை. ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிட்டவரும் இல்லை. "இங்க பாரு" என்பார், அவ்வளவுதான். அவளுக்கென்று சொந்தமாகச் சேர்ந்தது அந்தப் பெண் வாயிலிருந்து வந்த அம்மா ஒன்றுதான்.

கடைசியாக நாங்கள் சண்டை போட்டது காற்றுச் சீட்டில். காற்று வந்தால் பாயில் கிடக்கும் ஒரு சீட்டு கைக்குத் திரும்பிவிடும். அவளிடம் முகமூடி போட்டு மாப்பிள்ளையான ஆடு மேய்க்கிறவள் இருந்தாள், மேலே மூன்று கொட்டையோடு. நான் அதன்மேல் காற்றை வீசினேன்.

"கைக்குப் போனா முகமூடி போயிடுமாக்கா?"

"போயிடும். திரும்பி எறக்கினா ஆடு மேய்க்கிறவதான்."

"அவ பேர்லயே வருவா."

"ஆமா. அவளுக்குன்னு வந்த மரியாதை இருந்தா அதுவும் உண்டு."

"இந்தக் கொட்டைங்க?"

"கெடயாது. அது புது ஆளு கணக்கு."

வழக்கமாக எனக்கு முன்னால் அவளே கொட்டையை எடுத்துவிடுவாள். அன்றைக்கு எடுக்கவில்லை. மடியில் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணின் தலையில் கை வைத்தபடி, "இது நியாயமில்லக்கா" என்றாள். விதியை நியாயமில்லை என்று அவள் சொன்னது அது ஒரு தடவைதான். கொட்டையை நான்தான் எடுத்தேன்.

அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயசானபோது, அவர்கள் வேங்கிக்காலில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். கட்டிடம் எழும்ப எழும்ப இவள் முகம் மாறிக்கொண்டு வந்தது. மாடியில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள். "புது வூட்டுக்கு எல்லாரும் புதுசுதானக்கா? முன்னாடியே உள்ள இருந்தவங்கன்னு யாரும் கெடயாது. நானும் வாசப்படி தாண்டித்தான போவணும்?" ஆமாடி என்றேன். "அப்ப எனுக்கும் ஆரத்தி எடுத்துத்தான ஆவணும்?" ஆமாம் என்றேன். கிரகப்பிரவேசத்துக்கு மாம்பழக் கலரில் ஒரு புடவை எடுத்தாள். அவள் தனக்கென்று கலர் பார்த்து எடுத்த புடவை அது.

முதல் நாள் சாயங்காலம் கிழவி சொன்னாள்: "வசந்தா, நீ முன்னாடி போயிடு. சமையல்காரங்க பாத்திரம் எறக்கறாங்க, ஆளு வேணும். கோலம் போட்டு ரெடியா வையி." இவள் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தாள். "யாராவது இருக்கணும் இல்ல, இங்க பாரு" என்றார். மாம்பழக் கலர் புடவையைப் பையில் வைத்துக்கொண்டு, பாத்திர வண்டியிலேயே ஏறிப் போனாள்.

விடிகாலையில் நாங்கள் ஆட்டோவில் போய் இறங்கினோம். வாசலில் பெரிய கோலம். பசுவும் கன்றும் முன்னால். பின்னால் அந்தப் பெண், கையில் வசந்தாவின் படம், மல்லிகைச் சரத்தோடு. அதற்குப் பின்னால் மகனும் கிழவியும். வாசலுக்குள் ஆரத்தித் தட்டோடு நின்றது இவள். மஞ்சளும் சுண்ணாம்பும் அவளே கரைத்து, வெற்றிலையில் கற்பூரம் அவளே வைத்து நின்றாள். உள்ளே இருக்கிற சுமங்கலி அவள் ஒருத்திதான் என்று கிழவிக்கு முந்தின நாளே கணக்கு. படத்துக்குச் சுற்றினாள். பெண்ணுக்குச் சுற்றினாள். புருஷனுக்கும் மாமியாருக்கும் சுற்றினாள். எல்லாரும் வலது கால் வைத்து உள்ளே போனார்கள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. புருஷன் விட்டுப்போனவள் என்று நல்ல காரியத்தில் என்னை ஓரமாகத்தான் நிற்க வைப்பார்கள். அன்றைக்கு அதெல்லாம் பார்க்கவில்லை. "அந்தத் தட்ட என்கிட்ட குடுடி. நீ வெளிய வந்து நில்லு, நான் எடுக்கறேன்" என்றேன். கிழவி காதில் விழுந்துவிட்டது. "அவளுக்கு எதுக்கு? அவதான் நேத்துலருந்து உள்ள கீறாளே" என்றாள். வன்மமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

இவள் தட்டை என்னிடம் தரவில்லை. "அத்த சொல்றது சரிதான்க்கா. நான் வரல. அங்கயேதான இருந்தேன்."

ஆரத்தித் தண்ணீரைத் தெருவில் ஊற்ற வேண்டும். தட்டோடு படியிறங்கி, கேட்டைத் தாண்டி, தெரு முனைக்குப் போய் ஊற்றினாள். திரும்பி வந்து காலித் தட்டைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தாள். வாசலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே பால் பொங்கியது. "வசந்தா! வசந்தா!" என்று கிழவி கூப்பிட்டாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல இவள் திரும்பி, மாம்பழக் கலர் புடவையில் மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தாள். பூவோ எதுவோ வாங்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆட்டம் எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் போயே போகிறாள் என்று எனக்குப் படவில்லை.

வேலூரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பெண்ணைப் பார்க்கப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது நானும் கூட இருந்தேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றது. "அம்மான்னா வுட்டுட்டுப் போவாங்களா, சித்தி?" என்று கேட்டுவிட்டு ஏறிப் போய்விட்டது. அன்றுதான் அது சித்தி என்றது. இவளை வேலூர் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் ஏறும்போது, "அவ சொல்றது கரெக்ட்தான்க்கா" என்றாள். அந்தக் கணத்தில் அவளை அறைய வேண்டும் போலிருந்தது. எதிராளி கேட்காத நியாயத்தையெல்லாம் தானே எடுத்துக் கொடுக்கிற இவளுடைய அந்த நேர்மை நாசமாகப் போக.

பெண்ணின் கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது, அவளுக்கும் வந்தது. ஒன்றாகப் போனோம். மண்டப வாசலில் பாவாடை தாவணி போட்ட பெண்கள் பன்னீர் தெளித்து, சந்தனமும் கல்கண்டும் நீட்டி, "வாங்க, வாங்க" என்றார்கள். உள்ளே நாற்காலியில் கிழவி. பார்வை போய்விட்டிருந்தது. யாரது என்று கேட்டாள். பக்கத்திலிருந்தவர் சொன்னார். கிழவி அவள் பெயரைச் சொன்னாள். முழுசாக, சரியாகச் சொன்னாள். அந்த வாயிலிருந்து அந்தப் பெயரை நான் அன்றுதான் கேட்டேன். "வந்துட்டியாம்மா? இருந்து சாப்ட்டுட்டுப் போ."

மேடையில் மணப்பெண் மாப்பிள்ளையிடம், "எங்கம்மாவோட தங்கச்சி" என்று சொல்லி அவள் பெயரையும் சொன்னது. மாப்பிள்ளை மரியாதையாகக் கும்பிட்டான். போட்டோக்காரர், குடும்பத்தார் எல்லாம் பக்கத்தில் வாங்க, வந்தவங்க அப்படிக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்றார். அவள் யாரும் சொல்வதற்கு முன்னாலேயே தள்ளி நின்றாள்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். வாசலில் ஒரு பையன் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தான். தேங்காய், வெற்றிலைபாக்கு, பெண்ணின் பெயரும் மாப்பிள்ளை பெயரும் அச்சடித்த மஞ்சள் பை. வீட்டு மனுஷிக்கு யாரும் தாம்பூலப் பை கொடுப்பதில்லை. அவள் கவனிக்காமல் தாண்டிப் போனாள். மணப்பெண்ணின் அப்பா பார்த்துவிட்டு, ஓடிவந்து, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு பையை அவரே எடுத்து நீட்டினார்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.